மாடி ஜன்னலுக்கு ஓர் உலை

கெலுகோர்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

நானும் ஏவாவும் சுகம். கடல் உங்களை அதிகம் ஆட்டாமல் இருக்க ஏவா சாப்பாட்டு ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறாள். "அப்பா கப்பல் ஆடக்கூடாது, ஆமென்" என்றதும் ஜெபம் முடிந்துவிடும். மற்ற யாருக்கும் அதில் இடமில்லை. போனில் பேசினால் பாதி வார்த்தை நடுக்கடலில் விழுந்துபோகிறது, மீதியை நீங்கள் "சரி சரி" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால் மெயிலிலேயே எழுதுகிறேன். இவள் தூங்கிய பிறகுதான் உட்கார முடிகிறது. தூக்கக் கலக்கத்தில் ஏதாவது தப்பாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். மாடி அறையின் நாக்கோ ஜன்னலில், வரிசையாகச் சாய்ந்திருக்கும் கண்ணாடித் தகடுகளில் ஒன்று புதன்கிழமை கழன்று கட்டில் மேல் விழுந்தது. ஏவா மதியம் தூங்கும் கட்டில். அன்று அவள் சோபாவிலேயே தூங்கிவிட்டாள், மாடிக்குத் தூக்கிப்போக எனக்குச் சோம்பலாக இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை. போய்ப் பார்த்தபோது ஒரு துண்டு தலையணையில் செருகி நின்றது.

நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். கண்ணாடியை இரு முனையிலும் பிடித்திருக்கும் அலுமினிய கிளிப் உடைந்திருக்கிறது. மற்ற கிளிப்புகளிலும் பல விரிசல் விட்டிருக்கின்றன. பழைய வீடு, பழைய அளவு. ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த்திலும் கடை கடையாகக் காட்டினேன். இந்த அளவு இப்போது வருவதில்லை, ஃபிரேமோடு மாற்றுங்கள் என்கிறார்கள். வீட்டுக்கார அம்மாவோ கோலாலம்பூரிலிருந்து தான் வந்து பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது என்கிறார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போதைக்குப் பலகை வைத்து அடித்திருக்கிறேன். அறைக்குள் நிற்க முடியாத புழுக்கம். கீழே ஹாலில் மெத்தை போட்டுப் படுக்கிறோம்.

யோசித்துப் பார்த்ததில், அந்தக் கிளிப்பை நானே வார்க்கலாம் என்று தோன்றுகிறது. படித்தது உலோகப் பொறியியல். ஏவா பிறக்கும்வரை தொழிற்சாலையில் வார்ப்புகளைச் சோதிப்பதுதான் என் வேலை. பின்பக்கம் இடமும் இருக்கிறது. சிறியதாக ஓர் உலை போதும். உங்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் அக்கா ஞாயிறு பூசை முடிந்து வந்திருந்தார். கண்ணாடி விழுந்த கதையைக் கேட்டதும் ஏவாவை மடியை விட்டு இறக்கவில்லை. கிளிஃப் வரும்வரை பிள்ளை புக்கிட் மெர்தாஜாமில் தன்னோடு இருக்கட்டும் என்றார். கிறிஸ்டல் அக்காவுக்குப் பிள்ளை இல்லை, ஏவாவுக்கு அவர்தான் ஞானத்தாய். அன்பில்தான் கேட்கிறார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்புடன்,
லினெட்


டர்பன் போகும் வழியில்,
11 பிப்ரவரி 2025

என் லினெட்டுக்கு,

ஏவாவின் ஜெபம் பாதி பலிக்கிறது என்று அவளிடம் சொல். கப்பல் ஆடத்தான் செய்கிறது, நான் இன்னும் விழவில்லை.

கண்ணாடி விஷயத்தைப் படித்ததும் கையில் இருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன். பலகை அடித்தது நல்ல காரியம். அது அப்படியே இருக்கட்டும். ஜூனில் இறங்கியதும் வந்து ஒரு வழி செய்கிறேன்.

உலை என்று எழுதியிருக்கிறாய். கேஸை மூடினோமா என்று ஃபெர்ரிக்கு நிற்கும் வரிசையிலிருந்து காரைத் திருப்பச் சொன்னவள் நீ. ஏவாவுக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைக் கீழே வைக்காதவள். நீ வீட்டுக்குப் பின்னால் அலுமினியம் உருக்கப் போகிறாயா? சிரித்தேன் என்று கோபிக்காதே. கொஞ்சம்தான்.

அக்கா சொல்வதையும் தள்ளிவிடாதே. நீ சரியாகத் தூங்கி எத்தனை காலமாகிறது? ஏவா பிறந்ததிலிருந்து எதையாவது நினைத்துப் பயந்துகொண்டேதான் இருக்கிறாய். குற்றமாகச் சொல்லவில்லை. அக்கா வீட்டில் ஏவா இருந்தால் உனக்கும் ஓய்வு, அக்காவுக்கும் சந்தோஷம்.

முத்தங்களுடன்,
கிளிஃபர்ட்


கெலுகோர்,
2 மார்ச் 2025

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

நீங்கள் சிரித்ததைப் படித்து நானும் சிரித்தேன். பிறகு வாளி வாங்கப் போனேன்.

உலை தயார். பெரிதாக ஒன்றுமில்லை. இரும்பு வாளிக்குள் மணலையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் குழைத்துக் கெட்டியாகச் சுவர் வைத்திருக்கிறேன். அடியில் பக்கவாட்டில் ஒரு குழாய். அதன் வழியே என் பழைய ஹேர் டிரையர் காற்று ஊதும். இறைச்சி சுடும் சாத்தேக் கடைக்காரர்கள் வாங்கும் கரிதான் எரிபொருள். உருக்கும் குவளை, தடித்த இரும்புக் குழாயை அடி மூடிப் பற்றவைத்தது. மோட்டார் கடையில் தூக்கிப்போட்ட பழைய பிஸ்டன்களைக் கேட்டு வாங்கி வந்தேன். பான டின்களை உருக்கினால் பாதி கசடாகப் போய்விடும்.

இதில் முக்கியம் ஈரம். உருகிய அலுமினியம் தேங்கிய தண்ணீரைத் தொட்டால் அந்தத் தண்ணீர் அதே கணத்தில் ஆவியாகி உலோகத்தைத் தூக்கி வீசும். அதனால் உலைச் சுவரைச் சின்ன நெருப்பில் நாள்கணக்கில் காயவைத்தேன். சிமெண்டுத் தரைக்கு மேல் உலர்ந்த மணல் பரப்பியிருக்கிறேன். கிளிப்பை அழுத்தி வடிவம் எடுக்கும் அச்சு மணலுக்கு மட்டும் கொஞ்சம் ஈரம் தேவை. கையில் பிடித்தால் கட்டியாக நிற்க வேண்டும், ஆனால் உள்ளங்கை நனையக் கூடாது. அந்த அளவு ஈரம் மணலின் இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். மணல் ஒட்டி நிற்பதற்குப் பூனைக்கு வைக்கும் களிமண் மணலை இடித்துக் கலந்தேன். பூனை இல்லாத வீட்டில் இது எதற்கு என்று கடைக்காரப் பெண் கேட்கவில்லை, நல்லவேளை.

ஏவா அடுத்த வீட்டு காக் நோர்மாவிடம் இருக்கும்போதுதான் நெருப்பு மூட்டுவேன். இதில் விலக்கு கிடையாது. முதல் நாள் காக் நோர்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து என்ன சமைக்கிறாய் என்றார். ஜன்னல் என்றேன். தன் வீட்டு கேட்டுக்கும் ஒரு கொண்டி சமைத்துத் தரச் சொன்னார்.

முதலில் வார்த்தவை தேறவில்லை. கிளிப் மெல்லியது, உலோகம் ஓரம் வரை ஓடுவதற்குள் குளிர்ந்து நின்றுவிட்டது. இன்னும் சூடாக்க வேண்டும், ஊற்றும் துளையையும் அகலமாக்க வேண்டும். மறுபடி உருக்கிக்கொள்ளலாம், எதுவும் வீணில்லை.

நீங்கள் பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்குப் பயம் வரவில்லை. அது என்ன செய்யும், ஏன் செய்யும் என்று தெரியும். மாடியில் இருக்கும் கண்ணாடிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஏவாவை அனுப்பவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன். முகம் வாடிவிட்டது. நீங்கள் ஆறுதலாக ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
லினெட்


டர்பன்,
9 மார்ச் 2025

என் லினெட்டுக்கு,

நீ அனுப்பிய உலையின் படம் வந்தது. சீஃப் இன்ஜினியரிடம் காட்டினேன். உன் மனைவியைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு நீ வீட்டில் இரு என்றார். மற்றவர்களும் அதையே வழிமொழிந்தார்கள்.

சரி, நீ தெரிந்துதான் செய்கிறாய். ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். அலுமினியத்தை ஊற்றும்போது நீ அங்கே தனியாக நிற்கிறாய். ஏதாவது ஆனால் பக்கத்தில் யாரும் இல்லை. காக் நோர்மா ஏவாவைப் பார்ப்பாரா, உன்னைப் பார்ப்பாரா? அடுத்த முறை அக்கா வந்து உன் பக்கத்தில் இருக்கட்டும். அவளிடம் சொல்லிவிட்டேன். கார் வைத்திருக்கிறாள், பதறாமல் ஓட்டுவாள். இதற்கு நீ சம்மதித்தால் நான் இனி உலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஏவாவை நீ அனுப்பாததில் அக்காவுக்கு வருத்தம்தான். கூப்பிட்டால் அந்த வருத்தமும் கொஞ்சம் தணியும்.

முத்தங்களுடன்,
கிளிஃபர்ட்


கெலுகோர்,
24 மார்ச் 2025

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

ஒரு கையால் தட்டுகிறேன், சுருக்கமாகத்தான் வரும். அக்கா உங்களுக்குச் சொல்லியிருப்பார். நானும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை அக்கா வந்தார். நாற்காலி போட்டுத் தள்ளி உட்காரச் சொன்னேன். அச்சை அமைத்துத் தரையில் வைத்துவிட்டு, முகமூடியும் கையுறையும் மாட்ட உள்ளே போனேன். திரும்பி வந்து ஹேர் டிரையரை நிறுத்தி, குவளையைத் தூக்கி ஊற்றினேன். ஊற்றிய உடனே துளையிலிருந்து உலோகம் மேலே எகிறியது. முகமூடி முகத்தைக் காப்பாற்றியது. இடது கையில் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பட்டுவிட்டது. குவளையைத் தரையில் பரப்பிய மணலில் இறக்கி வைத்தேன். அக்கா அலறினார், ஆனால் காரை நன்றாக ஓட்டினார். தோல் ஒட்டு தேவைப்படாது என்று டாக்டர் சொன்னார்.

ஏவா காக் நோர்மா வீட்டில் இருந்தாள். எதையும் பார்க்கவில்லை.

ஒரு கையால் அவளைத் தூக்க முடியாது, குளிப்பாட்ட முடியாது. அதனால் அக்கா அன்று மாலையே புக்கிட் மெர்தாஜாமுக்குக் கூட்டிப்போனார். கட்டு அவிழ்க்கும்வரை என்று பேச்சு.

மணலை நான் பிடித்துப் பார்த்துத்தான் அச்சு அமைத்தேன். கை நனையவில்லை. எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. நாள் முழுக்க அதையே முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன்.

லினெட்


சிங்கப்பூர் நோக்கி,
26 மார்ச் 2025

லினெட்,

கை சீக்கிரம் ஆற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இதோடு போதும். ஜூன் வரை ஏவா அக்காவிடமே இருக்கட்டும். அக்காவோடு பேசிவிட்டேன். வீட்டுப் பக்கத்துக் குழந்தைக் காப்பகத்தில், அந்தத் தஸ்காவில், பகலில் விடுவதற்கு இடம் கேட்டிருக்கிறாள். நீ வாராவாரம் போய்ப் பார்த்துக்கொள். உலையை உடைத்துப் போட்டுவிடு. ஜூனுக்குப் பிறகு என்ன செய்வது என்பதை நான் வந்த பிறகு பேசலாம்.

நீ ஒரு டாக்டரைப் பார்ப்பது நல்லது. கையை மட்டும் சொல்லவில்லை.

இதற்கு உடனே பதில் எழுத வேண்டியதில்லை. ஓய்வெடு.

கிளிஃபர்ட்


கெலுகோர்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

பதில் எழுத வேண்டியதில்லை என்றீர்கள். நானும் சில நாள் எழுதாமல் இருந்தேன். இன்று எழுத வேண்டியிருக்கிறது.

பூசை முடிந்ததும் ஏவாவைப் பார்க்கப் போனேன். புதுச் சட்டை, தலையில் இரண்டு குடுமி. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டைத் தொட்டு, "அம்மா கை ஆடக்கூடாது" என்றாள். கீழே உட்கார்ந்து அணைத்துக்கொண்டேன். தூக்க முடியவில்லை.

சமையலறையில் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போயிருந்த நேரத்தில் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தது அவர் மட்டும்தான். மணலில் ஏதாவது விழுந்ததா, பூனை ஏதாவது வந்ததா என்று கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் மறைக்க நினைக்கவே இல்லை. சந்தோஷமாகச் சொன்னார்.

"பூனையெல்லாம் வரல லா. நான்தான் தீர்த்தம் ஊத்தினேன். கோவில்லேருந்து எடுத்து வச்சிருந்தது, பேக்ல இருந்திச்சி. உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு அந்த ஓட்டையில ஊத்தினேன். அதனாலதான் லினெட் உன் முகம் தப்பிச்சிச்சி."

என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் குழாயை மூடிவிட்டு, "ஏன், என்ன?" என்றார்.

"அக்கா, அதுதான் வெடிச்சிச்சி."

"தீர்த்தமா?"

"தீர்த்தம்தான்கா. ஆனா அந்தச் சூட்டுக்கு அது தண்ணி."

மெதுவாகத்தான் சொன்னேன். மணலில் எவ்வளவு ஈரம் இருக்கலாம், துளையில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று விளக்கினேன். முதலில் நம்பவில்லை. பிறகு என் கையைப் பார்த்தார். ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அறைக்குப் போய், ஏவாவின் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"கிளிஃப்கிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது," என்றார். நாங்கள் கிளம்பும்போது ஏவாவின் நெற்றியில் சிலுவை போட்டார். அழுதார் என்று நினைக்கிறேன், உள்ளே போய்விட்டதால் தெரியவில்லை.

ஏவா இப்போது இங்கேதான். நான் இன்னும் தூக்க முடியாததால் காக் நோர்மா காலையும் மாலையும் வந்து குளிப்பாட்டிவிடுகிறார்.

அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். ஊற்றும் அச்சுக்குப் பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தள்ளி உட்காருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். நீங்களும் அவரிடம் கடுமையாக எதுவும் எழுத வேண்டாம்.

உங்களிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். நீங்கள் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. ஏவா எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தீர்கள், அக்காவோடு பேசினீர்கள், தஸ்காவில் இடம் வரை பார்த்தாகிவிட்டது. எனக்கு வந்தது முடிவின் தகவல் மட்டும். இன்று அக்கா சொல்லியிருக்காவிட்டால், அல்லது உண்மையிலேயே அது என் கைத்தவறாக இருந்திருந்தால், ஏவா அங்கேதான் இருந்திருப்பாள், இல்லையா?

லினெட்


போர்ட் கிள்ளான்,
15 ஏப்ரல் 2025

லினெட்டுக்கு,

உன் மெயில் வந்த அன்றே படித்துவிட்டேன். எழுதியவற்றை அழித்துக்கொண்டே இருந்ததில் இத்தனை நாளாகிவிட்டது.

அக்காவுக்கு நான்கு வரி எழுதினேன். கடுமையாக இல்லை. ஏவா அம்மாவிடம் இருக்கட்டும், தஸ்கா வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போய்ப் பார் என்று. பதில் வரவில்லை. வரும்.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம். உன் தவறாக இருந்திருந்தால் அவளை அங்கேதான் வைத்திருப்பேன். சுற்றி வளைத்து வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் உண்மையாக இல்லை. நடுக்கடலில் அக்காவின் குரல் அழுதுகொண்டு வந்தது. நீ பயந்தவள், பயந்தவள் கையில் நெருப்பு, கடைசியில் இப்படி ஆகிவிட்டது என்று மனதுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம்.

இங்கே ஒரு மோட்டார் எரிந்துபோனால், முதலில் அந்த நேரத்தில் டியூட்டியில் இருந்தவனை உட்காரவைத்து என்ன பார்த்தாய் என்றுதான் கேட்போம். பிறகுதான் மற்றதெல்லாம்.

கை எப்படி இருக்கிறது? விரல்களை முழுதாக மடக்க முடிகிறதா? அக்கா ஊற்றிய தண்ணீர் எவ்வளவு இருந்திருக்கும்? இப்போதும் ஹாலில்தான் படுக்கிறீர்களா?

ஜூன் முதல் வாரம் இறங்குகிறேன். வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதத்தான் கை போகிறது. வரலாமா என்று கேட்டு எழுதுகிறேன். கொஞ்ச நாள் அக்கா வீட்டில் தங்கு என்று நீ சொன்னாலும் சரி.

கிளிஃபர்ட்


கெலுகோர்,
22 ஏப்ரல் 2025

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

கை தேறிவருகிறது. விரல்கள் மடங்குகின்றன, சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அக்கா ஊற்றியது பாட்டில் மூடி அளவுதான் இருக்கும். அவ்வளவே போதும் அதற்கு. ஈஸ்டருக்கு அவரைக் கூப்பிட்டிருந்தேன். வரவில்லை, ஆனால் ஏவாவுக்குச் சாக்லெட் முட்டை கொடுத்தனுப்பினார். அடுத்த ஞாயிறு நாங்களே போகிறோம்.

நேற்று மறுபடி ஊற்றினேன். காக் நோர்மாவின் கணவர் வாசல் பக்கம் நின்றுகொண்டார், யாரையும் உள்ளே விடாமல், தானும் வராமல். அச்சு என் கண் எதிரிலேயே இருந்தது. கிளிப்புகள் ஓரம் வரை நிறைந்து வந்திருக்கின்றன. கடையில் வாங்கியது போல மினுமினுப்பு இல்லை, கொஞ்சம் தடிமன் கூட. அரம் போட்டு ராவினால் கண்ணாடி இறுக்கமாக உட்காருகிறது. ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்துக்கு இன்னொரு முறை ஊற்ற வேண்டும். அதுவரை ஹாலில்தான் படுக்கிறோம்.

உங்கள் 'ஆமாம்' என்ற வார்த்தையைப் பல தடவை படித்தேன். அது எனக்கு வலித்தது என்பதை எழுதத்தான் வேண்டும். வேறு எதையாவது எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்பதையும் எழுத வேண்டும். இதற்கு மேல் இதைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கே வாருங்கள்.

ஜூன் நடுவில் நான் வேலைக்குச் சேர்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, பழைய வேலை மாதிரிதான். நேர்முகத்தில் கைக் கட்டைப் பார்த்துக் கேட்டார்கள். வீட்டில் உலை வைத்திருக்கிறேன் என்றேன். அதன் பிறகு பேச்சு வேறு எதற்கும் போகவில்லை. உங்கள் விடுமுறை முழுக்கப் பகலில் ஏவா உங்களோடுதான் இருப்பாள். காக் நோர்மாவிடமும் அக்காவிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

அவள் எப்போது சாப்பிடுவாள், எதற்கு அழுவாள், எந்தப் படியில் வழுக்குவாள் என்றெல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்க மனம் துடிக்கிறது. ஒட்டப் போவதில்லை. தெரியாததை என்னிடம் கேளுங்கள். நான் வேலையில் இருந்தாலும் போனை எடுப்பேன்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் ஏதாவது தவறிப்போகும். அவள் விழலாம், எதையாவது விழுங்கலாம், உங்கள் கண் எதிரிலேயே அடிபடலாம். அன்று நான் வீட்டுக்கு ஓடி வந்ததும், என்ன நடந்தது என்றுதான் முதலில் உங்களைக் கேட்பேன்.

அன்புடன்,
லினெட்